பழைய காருக்கு முன் கண்ணாடி: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்?

பொள்ளாச்சி–பாலக்காடு ரோட்டில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் விடிந்தது முதல் ஓடிக்கொண்டே இருக்கும். தார்ப்பாயைச் சரியாக இழுத்துக் கட்டாத ஒரு லோடு முன்னால் போனால் போதும். கோபாலபுரத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் நடுவில் எங்காவது ஒரு கல் தெறித்து வந்து கண்ணாடியில் அடிக்கும். புது வண்டி என்றால் ஷோரூமுக்கு ஒரு போன் போட்டால் வேலை முடிந்தது. எழுபதுகளின் அம்பாசிடரோ பத்மினியோ வைத்திருப்பவருக்குத்தான் யோசனை. இருக்கிற கண்ணாடியையே சரிசெய்து ஓட்டுவதா, பழைய சாமான் கடையில் ஒரிஜினல் தேடுவதா, புதிதாக வாங்குவதா, அளவு கொடுத்துச் செய்யச் சொல்வதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி ரோட்டில் ஓடுகிறது என்றால் புது லேமினேட்டட் கண்ணாடிதான். மற்ற வழிகள் எல்லாம் அது கிடைக்காதபோது மட்டும். ஆனால் கண்ணாடிக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால், அது உட்காரும் தகட்டு விளிம்பையும் அதைப் பிடிக்கும் ரப்பர் பீடிங்கையும் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் கண்ணாடி விலையை விசாரிப்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட இந்த இரண்டில் காட்டுவதில்லை. மழை வந்ததும் கால் மிதியில் தண்ணீர் நிற்பது அதனால்தான்.

முதலில் கண்ணாடியின் வகை. பழைய வண்டிகள் பலவற்றில் வந்தது டஃபன்டு கண்ணாடி. அறுநூறு டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிர வைப்பார்கள். மேல்பரப்பு இறுகிக்கொள்ளும், உள்ளே இழுவிசை தங்கிவிடும். அதனால் சாதாரண அடியைத் தாங்கும். தாங்காத அடி பட்டால் முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் கற்கண்டுத் துண்டுகளாக நொறுங்கும். அந்தத் துண்டுகள் ஆழமாக வெட்டுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் நொறுங்கிய கண்ணாடி சில சமயம் கீழே விழாமல் அப்படியே நின்று, முழுக்க வெள்ளையாகிவிடும். எதிரே லாரி வருகிறதா, மாடு நிற்கிறதா, ஒன்றும் தெரியாது. அந்தக் காலத்து டிரைவர்கள் கையால் குத்தி ஓட்டை போட்டு, அதன் வழியே பார்த்து வண்டியை ஓரங்கட்டினார்கள். பின்னாளில் சில கண்ணாடிகளில் டிரைவர் முன்னால் மட்டும் துண்டுகள் பெரிதாக உடையும்படி செய்தார்கள். ஓரளவு பார்வை கிடைக்கும், அவ்வளவுதான்.

லேமினேட்டட் என்பது இரண்டு மெல்லிய கண்ணாடிகள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். பிவிபி என்று சொல்வார்கள். பெரும்பாலும் முக்கால் மில்லிமீட்டர் கனம். கல் அடித்தால் அடித்த இடத்தில் நட்சத்திரம் போல விரிசல் விடும். விரிசல் நீளலாம், ஆனால் கண்ணாடி இடத்தை விட்டு நகராது, பார்வையும் போகாது. இன்னொரு விஷயம்: எழுபதுகளின் வண்டிகளில் பெரும்பாலும் சீட் பெல்ட் கிடையாது. மோதலில் முன் சீட்டில் இருப்பவர் கண்ணாடி வழியே வெளியே போகாமல் தடுக்க அந்தப் படலம் ஒன்றுதான் இருக்கிறது. குடும்பத்தை உட்கார வைத்துக் கோயம்புத்தூர் கல்யாணத்துக்குப் போய் வருகிற வண்டியில் டஃபன்டு கண்ணாடி போடுவதற்கு எனக்கு மனசு வராது.

சட்டமும் அந்தப் பக்கம்தான். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆவது விதி, எல்லா வண்டியிலும் பாதுகாப்புக் கண்ணாடி இருக்க வேண்டும் என்கிறது. முன் கண்ணாடி லேமினேட்டட்டாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்த விதிகளுக்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு வந்தது. அதனால் பழைய வண்டியில் டஃபன்டு இருப்பது குற்றமில்லை. அது உடைந்து மாற்றும்போது நல்லதற்கு மாறிக்கொள்ளலாமே என்பதுதான் என் வாதம். அக்ரிலிக், பாலிகார்பனேட் ஷீட்டை வெட்டிப் பொருத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். வைப்பர் ஓட ஓடக் கீறல் விழுந்து, ராத்திரியில் எதிர் விளக்கு பட்டால் எல்லாம் மங்கிவிடும். விதிப்படியும் முன் கண்ணாடிக்கு அது ஆகாது. அந்தப் பேச்சை எடுக்கவே வேண்டாம்.

சரி, ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

இருக்கிற கண்ணாடியையே காப்பாற்றுவது: லேமினேட்டட் கண்ணாடியில் சிறிய கல்லடி என்றால், அழுக்கும் ஈரமும் உள்ளே போவதற்குள் ரெசின் ஏற்றி நிறுத்திவிடலாம். அடி ஓரத்துக்குப் பக்கத்தில் இருந்தாலோ, டிரைவர் பார்வைக்கு நேராக இருந்தாலோ அதை நம்ப வேண்டாம். டஃபன்டு கண்ணாடிக்கு இந்த வைத்தியமே கிடையாது, உடைந்தால் உடைந்ததுதான். வைப்பர் கீறலுக்கு சீரியம் ஆக்சைடு போட்டு பாலிஷ் பிடிப்பார்கள். நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டவில்லை என்றால் போகும். மாட்டினால், அந்த ஆழத்துக்குத் தேய்த்தெடுக்கும்போது அங்கே ஒரு பள்ளம் விழுந்து ரோடு நெளிந்து தெரியும். ஓரங்களில் பால் நிறத்தில் வெளுத்துப்போன லேமினேட்டட் கண்ணாடியைச் சரிசெய்யவே முடியாது. ஈரம் படலத்துக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.

பழைய சாமான் கடை ஒரிஜினல்: நிறைய பேருக்கு ஆசை இதில்தான். கோவை உக்கடம், இல்லாவிட்டால் சென்னை புதுப்பேட்டை. அந்தக் காலத்து முத்திரை மூலையில் பொறித்திருக்கும் கண்ணாடி கையில் கிடைத்தால் வரும் சந்தோஷம் எனக்கும் தெரியும். ஆனால் விலை பேசுவதற்கு முன்னால் வெயிலில் நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். ஓரம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவ வேண்டும். டஃபன்டு கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சின்னப் பொக்கை இருந்தால், பொருத்தும்போதே மொத்தமும் நொறுங்கலாம். வைப்பர் ஓடிய பாதையில் அரைவட்டமாகக் கீறல் இருக்கும். சாயங்கால வெயில் எதிரே அடித்தால்தான் அதன் முழு அளவும் கண்ணில் படும். எந்த வகை என்று கடைக்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுப் பார்த்தால் டஃபன்டு கண்ணாடியில் புள்ளி புள்ளியாக ஒரு கோலம் தெரியும். லேமினேட்டட் என்றால் ஓரத்தில் நடுவே ஒரு கோடு போகும்.

இந்த வழி யாருக்கு என்றால், கண்காட்சிக்கும் ராலிக்கும் மட்டும் வெளியே எடுக்கும் வண்டி வைத்திருப்பவருக்கு. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது வருடம் கடந்த வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்து ‘விஏ’ வரிசை எண் வாங்கலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. அதில் பழைய முத்திரையோடு ஒரு கண்ணாடி இருப்பது அழகு, பொருத்தமும்கூட. தினமும் வேலந்தாவளம் வழியாகக் கோவை போய் வருகிற வண்டிக்கு அந்த முத்திரையால் ஒரு பயனும் இல்லை.

புது லேமினேட்டட், ரெடிமேட்: அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் இதுதான் சுலபமான வழி. அம்பாசிடர் 2014 வரை உத்தர்பாராவில் தயாரானது. அரசு வண்டி, டாக்ஸி என்று ஊரெங்கும் ஓடியது. அதனால் கண்ணாடிக்கு இன்னும் சந்தை இருக்கிறது. பத்மினிக்கும் தேடினால் கிடைக்கும். ஃபியட் (பத்மினியும் அந்தக் குடும்பம்தான்) வைத்திருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1964இல் வந்த டிலைட்டும் பின்னால் வந்த பத்மினியும் ஒரே உடம்பு. அதற்கு முந்தைய செலக்ட், எலிகன்ட் வண்டிகளின் உடம்பு வேறு, கண்ணாடியும் வேறு. ‘ஃபியட் கண்ணாடி’ என்று மொட்டையாகச் சொல்லி ஆர்டர் கொடுத்தால் வேறு ஏதோ வந்து இறங்கும்.

வாங்கும்போது மூலையில் ஐஎஸ் 2553 என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் நெளிவு. கண்ணாடியை வண்டியில் நிற்கும் சாய்விலேயே பிடித்து, அதன் வழியே தூரத்தில் ஒரு மின்கம்பத்தையோ கட்டடத்தின் ஓரத்தையோ பார்த்துக்கொண்டு தலையை மெல்ல அசையுங்கள். கம்பம் ஆடினால் அந்தக் கண்ணாடி வேண்டாம். ஓரங்களில் கொஞ்சம் நெளிவு இருந்தால் பரவாயில்லை. டிரைவர் முன்னால் இருந்தால் ஒரு மணி நேர ஓட்டத்தில் தலைவலி வரும். மலிவான கண்ணாடிக்கும் நல்ல கண்ணாடிக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும். இதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் தவறே இல்லை.

கனத்தையும் அளக்க வேண்டும். பழைய டஃபன்டு ஒரு கனம், வாங்கப்போகும் லேமினேட்டட் வேறு கனம் என்று இருக்கலாம். பீடிங்கில் கண்ணாடி செருகும் காடியை ஒரு கனத்துக்குத்தான் வார்த்திருப்பார்கள். கண்ணாடி மெலிதாக இருந்தால் தண்ணீர் இறங்கும். தடிமனாக இருந்தால் ரப்பர் விரிந்து வெளி உதடு மடங்காமல் நிற்கும். ஆகவே கண்ணாடியையும் பீடிங்கையும் தனித்தனியாக வாங்காமல், ஒன்றை இன்னொன்றில் செருகிப் பார்த்தே வாங்குங்கள்.

இனி தகட்டு விளிம்பு. சித்தப்பாவின் மார்க் 2 அம்பாசிடரில் பழைய பீடிங்கை அறுத்து எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். மேல் பக்கமும் இரண்டு தூண் பக்கமும் பெயின்ட் அப்படியே பளபளத்தது. கீழ் இரண்டு மூலையில் மட்டும் பெயின்ட் கொப்புளம் விட்டிருந்தது. டிங்கர் அண்ணன் பெருவிரலால் அழுத்தினார், அப்பளம் போல நொறுங்கியது. ஸ்குரூ டிரைவர் நுனியை வைத்தார், மறுபக்கம் வந்துவிட்டது.

“கண்ணாடி அப்புறமுங்க. மொதல்ல இதைப் பாருங்க” என்றார் சித்தப்பாவிடம்.

“பட்டி வச்சு அடைச்சா ஆகாதா கண்ணு?”

“அடைக்கலாமுங்க. அடுத்த மழைக்குத் திரும்ப வருவீங்க.”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பீடிங்குக்கு அடியில் இறங்கும் தண்ணீர் வழிய இடமில்லாமல் கீழ் மூலைகளில்தான் தங்கும். அங்கே துரு தின்ற தகட்டை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுப் பட்டை வெல்டு வைத்து, ரெட் ஆக்சைடும் பெயின்டும் அடித்து, நன்றாகக் காய விட வேண்டும். பட்டி வைத்துப் பூசினால் இரண்டு கெடுதல். பூசிய இடத்தில் விளிம்பு தடித்துவிடும், பீடிங் ஒரே சீராகக் கவ்வாது. அந்தத் தடிப்பு லேமினேட்டட் கண்ணாடியை ஒரே புள்ளியில் அழுத்திக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாளில் யாரும் தொடாமலே ஓரத்திலிருந்து ஒரு விரிசல் கிளம்பும். கண்ணாடி மட்டம் என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்களில் பலருக்கு உண்மையான காரணம் இந்த விளிம்பாகத்தான் இருக்கும். டஃபன்டு கண்ணாடி இந்த அழுத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், லேமினேட்டட் பொறுக்காது. பழைய வண்டிக்கு லேமினேட்டட் போட்டால் விரிசல் விடும் என்று ஒரு பேச்சு ஒர்க்‌ஷாப்களில் இருப்பது இதனால்தான். தவறு கண்ணாடியிடம் இல்லை.

எப்போதோ மோதிச் சரிசெய்த வண்டி என்றால், பீடிங் இல்லாமல் வெறும் கண்ணாடியை, அது உட்காரும் திறப்பில் (வாய் என்பார்கள்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றிலும் இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு மூலை இடித்து எதிர் மூலை அகன்றால் வாயே கோணியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எந்தக் கண்ணாடியும் நிற்காது.

பீடிங்கில் மூலை வார்த்து வருவது ஒரு வகை, நீளமாக வரும் ரப்பரை வெட்டி ஒட்டுவது இன்னொரு வகை. மூலை வளைந்த கண்ணாடிக்கு வார்த்து வருவதே நல்லது. வெட்டி ஒட்டியது மூலையில் சுருங்கி நிற்கும், வெயிலில் இறுகிய பிறகு ஒட்டுவாய் விடும். புது ரப்பரை மடக்கிப் பாருங்கள். மடக்கிய இடத்தில் வெளுத்தாலோ பொடி விட்டாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய பீடிங்கையே காப்பாற்றிப் போடலாம் என்ற சிக்கனம் வேண்டாம். அதை நெம்பி எடுக்கும்போதுதான் நல்ல கண்ணாடியும் போகிறது. பிளேடால் அறுத்துப் போட்டுவிடுங்கள், கண்ணாடி பத்திரமாகக் கையில் வரும். குரோம் பட்டையை மட்டும் பொறுமையாகக் கழற்றி, வளையாமல் நீளவாக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மாற்று சுலபமாகக் கிடைக்காது.

அளவு கொடுத்துச் செய்வது: ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இது மிகவும் லேசான வேலை. பழைய மஹிந்திரா ஜீப்பின் கண்ணாடி தட்டையானது. லேமினேட்டட் ஷீட் வெட்டும் எந்தக் கடையிலும் அட்டை வெட்டிக் கொடுத்தால் அதே அளவில் வெட்டித் தருவார்கள். இரண்டு பக்கமும் கீறி, உடைத்து, நடுப் படலத்தை பிளேடால் அறுப்பார்கள். டஃபன்டு ஷீட்டை அப்படி வெட்ட முடியாது. வெட்டிய பிறகுதான் டஃபன் செய்ய முடியும். வளைந்த கண்ணாடி என்றால் கதை வேறு. அச்சு வேண்டும், உலை வேண்டும், ஒரே ஒரு கண்ணாடிக்காக அச்சு செய்தால் செலவு கண்ணைக் கட்டும். ஒரே மாடல் வைத்திருக்கும் சிலர் சேர்ந்து ஆர்டர் கொடுத்தால் மட்டும் யோசிக்கலாம். உடைந்துபோன கண்ணாடியை அளவுக்குக் கொடுக்க முடியாது என்பதால், உங்களிடம் அபூர்வமான மாடல் இருந்தால் கண்ணாடி முழுசாக இருக்கும்போதே அதன் வளைவை ப்ளைவுட்டில் எடுத்து வைத்துவிடுங்கள்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு மதராசில் தயாரான வண்டி. இன்று அதற்கு உள்ளூரில் கண்ணாடி கிடைப்பது கஷ்டம். அதன் மூலமான ட்ரயம்ப் ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் இன்றும் லேமினேட்டட் கண்ணாடி செய்கிறார்கள். அளவு ஒத்துப்போகிறதா என்று மில்லிமீட்டர் கணக்கில் கேட்டுக்கொண்டு தருவிக்கலாம். மரப்பெட்டி, கப்பல் கூலி, சுங்க வரி எல்லாம் சேரும். வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்பது எழுத்தில் இல்லாமல் பணம் அனுப்ப வேண்டாம். அன்றாடம் ஓட்டுபவர்களில் ஹெரால்டுக்காரருக்கு மட்டும்தான் பழைய சாமான் கடை டஃபன்டு கண்ணாடியையும் சரிசமமாக வைத்து யோசிக்கச் சொல்வேன்.

இன்ஷூரன்ஸ் பற்றிச் சுருக்கமாக: பழைய வண்டி பலவற்றுக்கு மூன்றாம் நபர் பாலிசி மட்டும்தான் இருக்கும், அதில் கண்ணாடிக்கு ஒன்றும் வராது. முழுப் பாலிசி இருந்தால் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள், ரப்பருக்குப் பாதி பிடிப்பார்கள். கிளெய்ம் செய்தால் நோ கிளெய்ம் போனஸ் போகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நிறத்தில், நிறம் ஏற்றாத சாதாரணக் கண்ணாடியே போதும். முன் கண்ணாடி வழியே 70 சதவீத வெளிச்சமாவது உள்ளே வர வேண்டும் என்பது விதி. பழைய வண்டிக்கு அந்தத் தெளிவுதான் அழகும்கூட.

பொருத்துவதற்கு ஆள் தேடும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கயிறு போட்டுப் பொருத்துவீர்களா? புது வண்டிகளில் கண்ணாடியை பசை வைத்து ஒட்டுகிறார்கள். அந்த வேலையில் கெட்டிக்காரராக இருப்பவருக்கு பீடிங் வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பீடிங்கை முதலில் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, அதன் உள் உதட்டில் நைலான் கயிற்றைச் சுற்றி, இரண்டு நுனியும் வண்டிக்குள் தொங்கும்படி வாயில் வைப்பார்கள். சோப்புத் தண்ணீர் தாராளமாக. எண்ணெயும் கிரீஸும் கூடாது, ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். வெளியே ஒருவர் உள்ளங்கையால் அணைத்து அழுத்த, உள்ளே ஒருவர் கயிற்றை மெல்ல இழுக்க, உதடு தகட்டைத் தாண்டி ஒவ்வொரு விரற்கடையாக உள்ளே வந்து உட்காரும். இழுப்பவரும் அழுத்துபவரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அதுதான் சூட்சுமம். கையை முஷ்டியாக்கிக் குத்துகிற ஆளிடம் லேமினேட்டட் கண்ணாடியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

ஒழுகினால் சிலிக்கான் அடித்துக்கொள்ளலாம் என்பார்கள். வினிகர் வாசம் வரும் சிலிக்கான் வெறும் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும், லேமினேட்டட் கண்ணாடியின் படலத்தையும் ஓரத்திலிருந்து கெடுக்கும். இறுகாத, மெழுகு போன்ற பீடிங் சீலன்ட் தனியாகக் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். ஹோஸை வைத்துச் சோதிக்கும்போது கீழ் ஓரத்தில் தொடங்கி மெல்ல மேலே போக வேண்டும். எடுத்ததும் மேலே அடித்தால் எங்கே இறங்குகிறது என்றே கண்டுபிடிக்க முடியாது. வைப்பர் பிளேடையும் அன்றே மாற்றிவிடுங்கள். பழைய பிளேடின் ஒரு தகட்டு முனை போதும், புதுக் கண்ணாடியில் முதல் கோடு போட.

கண்ணாடியைக் கோவையிலிருந்து கொண்டுவரும்போது படுக்க வைக்காமல், கம்பளி விரித்து நிமிர்த்தி, இரண்டு பக்கமும் தலையணை அணைத்துக் கொண்டுவாருங்கள். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, ஜூன் தொடக்கத்தில் பிடித்துக்கொள்ளும். விளிம்பு வேலைக்கும் பெயின்ட் காய்வதற்கும் நல்ல வெயில் வேண்டும். எனவே சித்திரையிலேயே பீடிங்கை அறுத்து விளிம்பைப் பார்த்துவிட்டு, அப்புறம் கண்ணாடிக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.